5 நாளில் டெல்லி, அமிர்தசர்: சுற்றிப் பார்க்கவும் தெருவோரம் சாப்பிடவும் ஒரு திட்டம் வேண்டும்

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் வடக்கே போகலாம் என்று இருக்கிறோம். மூவருக்குமே முதல் தடவை. சனிக்கிழமை கிளம்பி புதன்கிழமை இரவு சென்னை திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் எனக்கு விடுப்பு கிடையாது. அம்மாவுக்கு 62 வயது, சைவம், முட்டிவலி இருப்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் நடக்க முடியாது. தம்பி எதையும் சாப்பிடுவான், கபாப் சாப்பிடாமல் ஊர் திரும்பக்கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே நிபந்தனை. எனக்குச் சாட், ஜிலேபி, லஸ்ஸி எல்லாவற்றையும் அந்தந்த ஊர்த் தெருவில் நின்று சாப்பிட ஆசை. சனி டெல்லி, ஞாயிறு ஆக்ரா, திங்கள் ஜெய்ப்பூர், செவ்வாய் அமிர்தசர், புதன் திரும்புவது என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியாக வருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தலைநகர்த்தமிழ்:
நேராகவே சொல்லிவிடுகிறேன், சரியாக வராது. ஜெய்ப்பூரிலிருந்து அமிர்தசர் 600 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒரு இரவிலேயே அம்மாவின் முட்டி போதும் என்று சொல்லிவிடும். நான் டெல்லியில் 22 வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டியே பாதி ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன. அதில் தெரிந்துகொண்டது இதுதான்: சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் ஊர்களை எண்ணித் திட்டம் போடக்கூடாது, வேளையை வைத்துப் போட வேண்டும். பழைய டெல்லியில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. பேட்மி பூரி காலை உணவு, 11 மணிக்கு மேல் போனால் கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். தௌலத் கி சாட் காலையிலிருந்து மதியம் வரைதான். நிஹாரி, அதாவது இரவெல்லாம் சிறு தீயில் வெந்த இறைச்சிக் குழம்பு, சில கடைகளில் விடியற்காலையில், சில கடைகளில் சாயங்காலம், அதுவும் தேக்சா என்கிற பெரிய பாத்திரம் காலியானால் முடிந்தது. கபாப் இருட்டிய பிறகுதான் களைகட்டும். கோட்டையும் மசூதியும் எங்கேயும் போய்விடாது, அவற்றை இந்த வேளைகளுக்கு நடுவில் செருகிக்கொள்ளலாம்.

அதனால் இரண்டே ஊர், டெல்லியும் அமிர்தசரும். இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே. திரும்பும் விமானத்தை அமிர்தசரிலிருந்தே போட்டுவிடுங்கள். நேர் விமானம் இல்லாவிட்டால் டெல்லியில் மாறி வரலாம், மறுபடி ரயிலில் 6 மணி நேரம் திரும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பிப்ரவரி கடைசி வேண்டாம், முடிந்தால் மாத நடுவுக்கு மாற்றுங்கள். தௌலத் கி சாட் என்பது வெறும் பால் நுரை. பாலை இரவெல்லாம் குளிரில் வைத்திருந்து, விடியற்காலையில் கடைந்து, மேலே வரும் நுரையை மட்டும் வழித்தெடுத்து, குங்குமப்பூவும் கோவாவும் பொடித்த சர்க்கரையும் தூவித் தருவார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இது, வெயில் ஏறினால் நுரை நிற்காது. மாதக் கடைசியில் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

வைகைக்காற்று:
தலைநகர்த்தமிழ் அண்ணா சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 62 வயது அம்மாவை டெல்லி வரை கூட்டிப்போய்த் தாஜ்மகாலைக் காட்டாமல் திரும்புவதா? மறுபடி எப்போது வரப்போகிறார்கள்? நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8 மணிவாக்கில் கதிமான் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 100 நிமிடத்தில் ஆக்ரா. அதே ரயில் சாயங்காலம் திரும்புகிறது. வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும், ரயிலும் கிடையாது, உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. நான் என் மாமியாரை அப்படித்தான் கூட்டிப்போனேன். அந்த நுழைவாயிலைத் தாண்டி முதல் பார்வை விழுந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஆக்ராவில் காலையில் பேடை என்கிற காரப் பூரியும் ஜிலேபியும் சாப்பிடலாம், பேட்டா என்கிற பூசணிக்காய் இனிப்பு வாங்கி வரலாம். அதுவும் தெருச் சாப்பாடுதானே?

தலைநகர்த்தமிழ்:
தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாஜை நேரில் பார்ப்பது வேறுதான், நானே பலமுறை போயிருக்கிறேன். ஆனால் இவர்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்று வரிசை, பாதுகாப்புச் சோதனை, உள்ளே நடை எல்லாம் சேர்ந்தால் முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். வாசல் வரை பேட்டரி வண்டி உண்டு, உள்ளே நடந்துதான் ஆக வேண்டும். அதோடு ஞாயிறு காலைதான் பழைய டெல்லியில் கூட்டம் குறைந்த காலை. மொத்தக் கடைகள் மூடியிருக்கும், தள்ளுவண்டிகளும் கைவண்டிகளும் இடிக்காமல் அந்தச் சந்துகளில் அம்மா நிம்மதியாக நடக்க வாரத்தில் அந்த ஒரு காலைதான் உண்டு. அதை ஆக்ராவுக்குக் கொடுத்தால் நீங்கள் கேட்ட தெருச் சாப்பாட்டில் பாதி போய்விடும். முடிவு உங்களுடையது, அம்மாவிடமே கேளுங்கள்.

கெடிலக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். தாஜ்மகாலா, பொற்கோயிலா என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வடலூர், வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றுவரை தருமசாலையில் எரிந்துகொண்டிருக்கிறது. அம்மா வருடா வருடம் தைப்பூசத்துக்குப் போய்க் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருபவர். பொற்கோயிலிலும் யார் வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் சாப்பாடு போடுகிறார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். "அந்த அடுப்பைப் பார்க்கணும்" என்றார். அதனால் ஆக்ரா இந்தத் தடவை இல்லை, வைகைக்காற்று அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம். தேதியையும் பிப்ரவரி நடுவுக்கு மாற்றிவிட்டேன். இனி நாள்வாரியாக என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

வைகைக்காற்று:
கோபமா! இந்தக் காரணத்தைக் கேட்டபிறகு நானே பொற்கோயில் என்றுதான் சொல்வேன்.

ரயில்சிநேகம்:
ரயில் பகுதியை நான் சொல்கிறேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த அன்றே போட்டுவிடுங்கள். திங்கள் காலை புதுடெல்லி நிலையத்திலிருந்து அமிர்தசர் சதாப்தி 7.20 வாக்கில் கிளம்பும், சுமார் 6 மணி நேரம், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிவிடலாம். வந்தே பாரத்தும் இருக்கிறது, ஆனால் அது கிளம்புவது பழைய டெல்லி நிலையம். புதுடெல்லி வேறு, பழைய டெல்லி வேறு. இதைக் குழப்பிக்கொண்டு ரயிலைக் கோட்டை விட்டவர்களை எனக்கே தெரியும், டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு தடவை பாருங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், பிப்ரவரி நடுவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் விட்டிருக்கும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது, அம்பாலா தாண்டியதும் இரண்டு பக்கமும் கோதுமை வயல் பச்சையாக நிற்கும் பருவம் அது.

தலைநகர்த்தமிழ்:
சரி, நாள்வாரியாக.

சனி மதியம் இறங்கினால் விமான நிலைய மெட்ரோவில் புதுடெல்லி நிலையம் வரை வாருங்கள், 20 நிமிடச் சொச்சம்தான். அங்கே மஞ்சள் வழித்தடத்தில் மாறினால் அடுத்தது சாவ்ரி பஜார், அதற்கடுத்தது சாந்தினி சௌக். சாயங்காலம் சாந்தினி சௌக் பெரிய வீதிக்கு வாருங்கள். ஷாஜகானின் மகள் ஜஹானாரா அமைத்த கடைவீதி அது, ஒரு காலத்தில் நடுவில் கால்வாய் ஓடியது. இப்போது செங்கோட்டையிலிருந்து பதேபூரி மசூதி வரை பகலில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, காலை 9 முதல் இரவு 9 வரை. அம்மாவுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துக்கொள்ளலாம், ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள். தரிபா கலான் முனையில் 1884இலிருந்து இருக்கிற ஜிலேபிக் கடை, நெய்யில் பொரித்த தடித்த ஜிலேபி, விரலை ஒட்டிக்கொள்ளும் பாகு, சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பாலான ரப்ரியோடு கேளுங்கள். அப்புறம் மெட்ரோ பக்கம் நட்ராஜில் தஹி பல்லா. நம் தயிர்வடை மாதிரிதான், ஆனால் தயிர் இனிக்கும், மேலே புளிச் சட்னி. அம்மாவுக்கு முதல் வாய் விநோதமாக இருக்கலாம், இரண்டாவது வாய் பிடிக்கும்.

அம்மாவை அறையில் விட்டுவிட்டு நீங்களும் தம்பியும் 8 மணிக்கு மேல் ஜாமா மசூதி 1ஆம் வாசலுக்கு எதிரே மட்டியா மஹால் தெருவுக்குப் போங்கள். கரீம்ஸ் 1913இலிருந்து அங்கேதான். ஆனால் ஒரே கடையில் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம், சீக் கபாப் ஒரு இடம், நிஹாரி ஒரு இடம், கடைசியில் ஷாஹி துக்டா என்கிற பிரெட் இனிப்பு ஒரு இடம் என்று நடந்துகொண்டே சாப்பிடுவதுதான் அந்தத் தெருவுக்கு அழகு.

ஞாயிறு காலை 8 மணிக்குச் சாவ்ரி பஜாரில் இறங்குங்கள். அந்த நிலையம் ரொம்ப ஆழம், நகரும் படிக்கட்டு உண்டு, லிஃப்டும் உண்டு. ஷ்யாம் ஸ்வீட்ஸில் பேட்மி பூரி, உளுந்து அரைத்து வைத்துப் பொரித்த பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும். கூட நாகோரி அல்வா, மொறுமொறுப்பான சின்னப் பூரியும் ரவை அல்வாவும். அங்கிருந்து கினாரி பஜார் பக்கம் மெல்ல நடந்தால் தௌலத் கி சாட் தள்ளுவண்டி கண்ணில் படும். பராந்தே வாலி கலியில் பராட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, கடாயில் நெய்யில் பொரிக்கிறார்கள், பழைய கடைகளில் வெங்காயம் பூண்டு கிடையாது, அம்மாவுக்கு ஏற்றது. மூவருக்கும் சேர்த்து இரண்டே வாங்குங்கள், கனமான பண்டம். சீஸ்கஞ்ச் குருத்வாராவும் அதே வீதியில்தான், சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் 1675இல் தலை கொடுத்த இடம்.

மதியம் ஓய்வு. 3 மணிக்கு மேல் ஹுமாயூன் கல்லறை. தாஜுக்கு 60 வருடம் முந்தியது, தாஜின் அமைப்புக்கு முன்னோடி என்றே சொல்வார்கள். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, அம்மா தோட்டத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும், சாயங்கால வெயில் அந்தச் சிவப்புக் கல்லில் விழுவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். செங்கோட்டை திங்கள்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு அன்று உள்ளே நெருக்கும் கூட்டம், வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

தோசைக்கல்:
யாரும் வயிற்றைப் பற்றிப் பேசவில்லையே. போன வருடம் என் அக்காவுக்கு முதல் நாளே ஒரு தள்ளுவண்டியில் கோல்கப்பா (நம் பானிபூரிதான்) சாப்பிட்டு மூன்று நாள் விடுதி அறையிலேயே போயிற்று, கூட இருந்த எல்லோருக்கும் பயணம் கெட்டது. கொதிக்கிற எண்ணெயிலிருந்தோ தந்தூரிலிருந்தோ நேராக இலைத் தொன்னைக்கு வருவதைப் பயப்படாமல் சாப்பிடலாம். கோல்கப்பாவின் புதினாத் தண்ணீர், நறுக்கி வைத்த பழம், தண்ணீர் கலந்து நீர்த்துப்போன பச்சைச் சட்னி, இதிலெல்லாம்தான் சிக்கல். கோல்கப்பா சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் புட்டித் தண்ணீர் பயன்படுத்துகிற இனிப்புக் கடைகளில் சாப்பிடுங்கள், பல கடைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கையில் இருக்கட்டும். ஒரு வேளைக்கு ஒரு கனமான பண்டம், அதற்கு மேல் வேண்டாம்.

குளிரையும் மறக்காதீர்கள், காலையில் 10, 12 டிகிரி இருக்கும், பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள்.

நெய்ச்சோறு:
அமிர்தசர் நான் மூன்று தடவை போனவன், அதனால் அந்தப் பகுதி என்னுடையது.

திங்கள் மதியம் இறங்கி அறையில் பையைப் போட்டுவிட்டுக் கேசர் தா தாபா. 1916இல் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஷேக்குபுராவில் தொடங்கி, பிரிவினையில் இங்கே வந்து சேர்ந்த கடை. முழுக்கச் சைவம், அம்மா கவலையில்லாமல் சாப்பிடலாம். இரவெல்லாம் சிறு தீயில் கிடந்த கறுப்பு உளுந்து தால், நெய் சொட்டும் அடுக்குப் பராட்டா. சந்து குறுகல், ஈ-ரிக்‌ஷா பிடித்தால் வாசல் பக்கம் வரை போகும்.

பொற்கோயிலுக்கு இரண்டு தடவை போங்கள், திங்கள் இரவு ஒன்று, செவ்வாய் விடியற்காலை ஒன்று. இரவில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபைப் பல்லக்கில் எதிரே இருக்கும் அகால் தக்த் கட்டிடத்துக்கு எடுத்துப்போவார்கள், விடியும் முன் திரும்பக் கொண்டுவருவார்கள். தலையை மூட வேண்டும், செருப்பை இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள், நுழையும் இடத்தில் கால் நனைக்கும் தண்ணீர் அந்தக் குளிரில் சுரீர் என்று இருக்கும். உள்ளே போகும் வரிசை நீளமாக இருந்தால், அம்மாவால் நிற்க முடியாது என்று அங்கிருக்கும் சேவாதாரிடம் (தொண்டு செய்பவர்) சொல்லுங்கள், கைகாட்டி உதவுவார்கள். லங்கர் என்கிற இலவசச் சாப்பாட்டுக் கூடத்தில் தரையில்தான் உட்கார வேண்டும், முட்டிவலிக்காரர்கள் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும், தட்டில் மீதம் வைக்கக்கூடாது. காய் நறுக்க, பூண்டு உரிக்க, ரொட்டி தேய்க்க யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அனுமதி எதுவும் தேவையில்லை.

செவ்வாய் காலை உணவுக்குக் குல்ச்சா. தந்தூரில் சுட்ட, உருளைக்கிழங்கு வைத்த, மேலே மொறுமொறுவென்று அடுக்கடுக்காக உடையும் ரொட்டி, மேலே வெண்ணெய், பக்கத்தில் சன்னா, வெங்காயம் போட்ட புளிச் சட்னி. டெல்லியில் குல்ச்சா என்று தருவது வேறு, அதை வைத்து இதை எடை போடாதீர்கள். மதியத்துக்கு மேல் நல்ல கடைகளில் கிடைக்காது. பிறகு ஜாலியன்வாலா பாக், கோயிலிலிருந்து சில நிமிட நடை. 1919 ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயரின் உத்தரவில் சுட்டது 1,650 ரவுண்டு. குண்டு பதிந்த சுவரை இன்றும் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே டவுன்ஹாலில் பிரிவினை அருங்காட்சியகம், 2017இல் திறந்தது, திங்கள் விடுமுறை, உங்களுக்குச் செவ்வாய் என்பதால் சரியாக அமைகிறது. அங்கே அவசரப்படாதீர்கள், ஜனங்கள் கையோடு தூக்கி வந்த பெட்டியும் துணியும் பாத்திரமும் வைத்திருக்கிறார்கள், அந்தத் தாபாக்காரர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

பாகிஸ்தான் எல்லையில் அட்டாரியில் நடக்கும் அணிவகுப்பு 30 கிலோமீட்டர் தூரம், சாயங்காலம் முழுதும் போய்விடும், படிக்கட்டு மேடையில் வெகுநேரம் உட்கார வேண்டும், பை கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மா வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

கெடிலக்கரை:
போய் வந்து 10 நாள் ஆகிறது, எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

தௌலத் கி சாட் கிடைத்தது! ஞாயிறு காலை, கினாரி பஜார் போகும் வழியில், பெரிய தாம்பாளத்தில் மஞ்சள் நுரை. வாயில் வைத்தால் எதையும் மெல்ல வேண்டியதில்லை, இனிப்பும் குங்குமப்பூ வாசனையும் மட்டும் மிஞ்சுகிறது. அம்மா "பால் கறந்தவுடனே செம்பிலே நிற்கிற நுரை மாதிரி இருக்கு" என்றார், அவர் மாடு வளர்த்தவர். பேட்மி பூரியைவிட அந்தக் குழம்பு அவருக்குப் பிடித்தது. தஹி பல்லா கடைசி வரை பிடிக்கவில்லை, தலைநகர்த்தமிழ் அண்ணா மன்னிக்க வேண்டும். தம்பி மட்டியா மஹாலில் நாலு கடை ஏறினான், நிஹாரிதான் முதலிடம் என்கிறான். ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் அம்மா ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கசந்தது ஒன்றுதான். அமிர்தசர் நிலைய வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் பேசிய கூலியைப்போல் இரண்டு மடங்கு கேட்டு, பைக்குத் தனி என்று சண்டை போட்டார். அதற்கப்புறம் செயலியில்தான் வண்டி பிடித்தோம்.

திங்கள் இரவு லங்கர். அம்மாவால் தரையில் உட்கார முடியவில்லை, ஒரு சேவாதார் பார்த்துவிட்டு ஓரமாக மேடையில் உட்காரவைத்து அங்கேயே தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தால், ஒரு காய், ரொட்டி, கீர். சாப்பிட்டு முடித்ததும் அம்மா பூண்டு உரிக்கிற இடத்துக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை இந்தி தெரியாது. சுற்றி உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பெண்களுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஒன்றரை மணி நேரம் உரித்தார். நடுவில் ஒரு பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து, நகம் வலிக்காமல் பூண்டுப் பல்லை எப்படித் திருகுவது என்று காட்டிக்கொடுத்தார். பெரிய அண்டாக்கள் இருக்கும் சமையல்கூடத்தையும் எட்டி நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். மறுநாள் சாயங்காலம் நாங்கள் எல்லைக்குக் கிளம்பியபோது அவர் வரவில்லை, மறுபடி பூண்டு உரிக்கப் போய்விட்டார்.

தோசைக்கல்:
படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. வயிறு என்ன ஆயிற்று?

கெடிலக்கரை:
மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோல்கப்பா ஒரே ஒரு தடவை, நீங்கள் சொன்ன மாதிரி இனிப்புக் கடையில். குல்ச்சா சாப்பிட்ட அன்று மதியம் யாருக்கும் பசியே எடுக்கவில்லை, லஸ்ஸி மட்டும் குடித்தோம். அந்த லஸ்ஸியின் மேலே கிடந்த ஏட்டைக் கரண்டியால் எடுத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

நெய்ச்சோறு:
பாப்பட், வடி வாங்கினீர்களா? சொல்ல மறந்துவிட்டேன். பொற்கோயில் பக்கத்துக் கடைகளில் மசாலா போட்டுக் காயவைத்த உளுந்து வடி கிடைக்கும், கொஞ்சம் போட்டாலே காரம் ஏறும்.

கெடிலக்கரை:
அரைக் கிலோ வாங்கினோம். அங்கே உருளைக்கிழங்கோடு போடுவார்களாம், கடைக்காரர் சொன்னார். அம்மா நேற்று நல்லெண்ணெயில் வறுத்து வத்தக்குழம்பில் போட்டார். குழம்பை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே இருந்தது, மிளகுக் காரம் மட்டும் நம் வடகத்தைவிட ஒரு படி தூக்கல். உடைக்காமல் போட்டால் உள்ளே வேகாது, இரண்டாக உடைத்துப் போடுங்கள்.